பெட்ரோல் பம்பைக் கழற்றுவதற்கு முன் அளக்க வேண்டியவை

எண்ணூர் விரைவுச்சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் மே மாத வெயிலில் நெடுநேரம் ஊர்ந்துவந்த பழைய கார், வழி கிடைத்து ஆக்சிலரேட்டரை மிதித்ததும் இழுக்க முடியாமல் திணறி நின்றுவிடுகிறது. ஓரங்கட்டி, சற்று ஆறவிட்டுச் சாவியைத் திருப்பினால் உடனே கிளம்பிவிடுகிறது. 'பெட்ரோல் பம்ப் போய்விட்டது, மாற்றிவிடலாம்' என்ற பதில்தான் பெரும்பாலும் கிடைக்கும். அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் அப்படிச் சொல்வதற்கு, பெட்ரோலின் அழுத்தம் எவ்வளவு, பம்பின் முனையில் கிடைக்கும் மின்னழுத்தம் எவ்வளவு என்ற இரண்டு அளவுகள் முதலில் கையில் இருக்க வேண்டும்.

அம்பாசடரிலும் கார்புரேட்டர் வைத்த மாருதி 800இலும் பம்ப் இன்ஜின்மீதே உட்கார்ந்திருக்கும். இன்ஜினோடு சேர்ந்து சுழலும் கேம் ஷாஃப்ட் என்ற தண்டு ஒரு நெம்புகோலைத் தள்ள, ரப்பர் சவ்வு மேலும் கீழும் அசைந்து, பின்னால் உள்ள டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சி இழுக்கும். உறிஞ்சும் குழாய்க்குள் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைவிடக் குறைகிறது. அழுத்தம் குறைந்தால் திரவத்தின் கொதிநிலையும் குறையும். பெட்ரோலின் இலேசான கூறுகள் 40 டிகிரி செல்சியஸை ஒட்டியே கொதிக்கத் தொடங்கக்கூடியவை என்பதால், சூடான இன்ஜினுக்கு அருகில் குழாய்க்குள்ளேயே ஆவிக்குமிழ்கள் உண்டாகி ஓட்டத்தை அடைத்துவிடும். அந்தக் காலத்து ஓட்டுநர்கள் பம்பின்மேல் ஈரத்துணி சுற்றியதன் அறிவியல் இதுதான்.

கார்புரேட்டருக்குப் பதிலாக, பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் வைத்த கார்கள் வந்தபோது மின்மோட்டாரால் இயங்கும் பம்ப் டேங்குக்குள்ளேயே போய்விட்டது. அங்கிருந்து அது பெட்ரோலைச் சுமார் 3 பார் அழுத்தத்தில் முன்னே தள்ளுகிறது. அழுத்தத்தில் இருக்கும் பெட்ரோல் எளிதில் கொதிக்காது. வியப்பான செய்தி என்னவென்றால், அந்தப் பெட்ரோல் மோட்டாரின் உள்ளே, சுழலும் ஆர்மேச்சரையும் கார்பன் பிரஷ்ஷையும் நனைத்தபடியேதான் பாய்கிறது. எரிவதற்கு வேண்டிய காற்று அங்கே இல்லாததால் தீப்பிடிப்பதில்லை. மோட்டாரைக் குளிர்விப்பதும் அதன் தாங்கிகளுக்கு வழவழப்புத் தருவதும் அதே பெட்ரோல்தான். எப்போதும் நூறு ரூபாய்க்கு மட்டும் பெட்ரோல் போட்டு, ரிசர்வ் விளக்கு எரிய எரிய ஓட்டப்படும் காரில் பம்ப் விரைவில் தேய்வது இதனால்தான்.

சோதனையைக் காதிலிருந்து தொடங்கலாம். சாவியை இக்னிஷனில் வைத்ததும் பின்சீட்டுக்கு அடியில் சுமார் இரண்டு விநாடி மெல்லிய 'ம்ம்ம்' ஒலி கேட்க வேண்டும். கேட்காவிட்டால் ஃபியூஸ், ரிலே (பம்புக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் மின்சுவிட்ச்), கப்ளர் (வயர்களை இணைக்கும் பிளக்) என்ற வரிசையில் பார்க்க வேண்டும். ஒலி கேட்டும் வண்டி இழுக்காவிட்டால், இன்ஜினுக்குப் போகும் குழாயில் பிரஷர் கேஜை இணைத்து, இன்ஜின் சும்மா ஓடும்போதும் வேகம் ஏற்றும்போதும் முள்ளைக் கவனிக்க வேண்டும். சும்மா ஓடும்போது சரியாக நின்ற முள், வேகம் ஏற்றியதும் சரிந்தால் பெட்ரோல் போதிய அளவு வரவில்லை என்று பொருள். வண்டி சூடேறி மக்கர் செய்யும் அந்த நேரத்திலேயே அளப்பது முக்கியம், ஏனெனில் ஆறிய பம்ப் நல்ல பம்பைப் போலவே நடந்துகொள்ளும்.

முள் சரிந்ததாலேயே பம்பைக் கழற்றிவிடக் கூடாது. மல்டிமீட்டரைப் பம்பின் கப்ளரிலேயே வைத்து, பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது அளக்க வேண்டும். ஏறத்தாழ 5 ஆம்பியர் இழுக்கும் பம்புக்குப் போகும் வயரில் வெறும் 0.4 ஓம் தடை கூடிவிட்டாலே 2 வோல்ட் வழியில் தொலைந்துவிடும். மோட்டார் மெதுவாகச் சுற்றும், அழுத்தம் விழும், பழி பம்பின்மேல் வரும். காசிமேடு, திருவொற்றியூர் போன்ற கடலோரப் பகுதிகளின் உப்புக்காற்றில் நிற்கும் வண்டிகளில் இதை நான் மிகவும் வலியுறுத்துவேன். கப்ளரைப் பிரித்தால் பித்தளைப் பின்னின் அடியில் பச்சையாகப் பூத்திருக்கும். எர்த் வயரின் போல்ட்டைத் திருகினால் துரு செதில் செதிலாக உதிரும். உப்புத்தாளால் தேய்த்துச் சுத்தம் செய்து மீண்டும் இணைத்த பிறகு, கேஜின் முள் தானாகவே பழைய இடத்துக்கு ஏறிவிடுவதுண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளத்தில் நின்ற கார்களில் இந்த இணைப்புகளை அவசியம் திறந்து பார்க்க வேண்டும்.

அடைத்துக்கொண்ட ஃபில்டரும் இப்படியே அழுத்தத்தை விழவைத்து, பழியைப் பம்பின்மேல் போடும். கழற்றிய ஃபில்டரில் பெட்ரோல் நுழைந்த பக்கத்தைக் கவிழ்த்து ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றினால், காப்பித்தூள் போன்ற வண்டல் இறங்குவதைக் காணலாம். இப்போது விற்கப்படும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல், டேங்கில் தண்ணீர் சேர்ந்தால் இரண்டு அடுக்காகப் பிரியும். எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்த கனமான அடுக்கு, பம்பின் வாய் இருக்கும் அடிப்பகுதியில் தங்கும்.

இத்தனைக்கும் பிறகு பம்ப்தான் பழுது என்று உறுதியானால் மாற்றலாம். டேங்கில் பெட்ரோல் குறைவாக இருக்கும் நாளில், திறந்த வெளியில், அருகில் பீடியோ பூஜை விளக்கோ இல்லாத இடத்தில் செய்ய வேண்டிய வேலை இது. இன்ஜின் ஓடும்போதே பம்ப் ஃபியூஸைப் பிடுங்கினால், குழாயில் மிச்சமுள்ள பெட்ரோலைக் குடித்துவிட்டு இன்ஜின் நின்றுவிடும், அழுத்தமும் இறங்கிவிடும். பிறகு பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்ற வேண்டும். பல கார்களில் பின்சீட்டைத் தூக்கினால் டேங்கில் பம்ப் இருக்கும் இடத்தின் மூடி தெரியும். சிலவற்றில் டேங்கையே இறக்க வேண்டியிருக்கும். மூடியைத் திறக்கும் முன் சுற்றியுள்ள மண்ணைத் துடைத்துவிடுங்கள்.

பழைய பம்பின் அடியிலுள்ள வடிகட்டிப் பையைக் கத்தரித்து விரித்துப் பார்ப்பது நல்லது. செம்பழுப்புத் துரு இருந்தால் டேங்கைக் கழுவாமல் புதிய பம்பை இறக்குவது வீண் செலவு. கருப்பாகப் பிசுபிசுத்தால் எங்கோ பழைய ரப்பர் குழாய் இளகிக்கொண்டிருக்கலாம். வடிகட்டி, மூடியின் சீல், எத்தனாலைத் தாங்கும் குழாய் மூன்றையும் புதிதாகவே போடுங்கள். பொருத்தியதும் சாவியை நான்கைந்து முறை இக்னிஷன் வரை திருப்பி அழுத்தம் ஏற்றி, இணைப்புகளில் ஈரம் கசிகிறதா என்று பார்த்த பிறகே இன்ஜினைக் கிளப்ப வேண்டும். அடுத்த முறை டேங்கை முழுவதும் நிரப்பிய அன்று பின்சீட்டைத் தூக்கி ஒருமுறை மோந்து பாருங்கள். மூடியின் சீல் சரியாக உட்காராதது டேங்க் நிரம்பியிருக்கும்போதுதான் தெரியவரும்.