படத்தில் மணல் தூவுவது யார்?

“தினம் ஒரு படம், ஓராண்டு விடாமல் எடுப்பது என்று தொடங்கி மூன்று மாதம் ஆகிறது. பகலில் எடுப்பவை பளிச்சென்று வருகின்றன. இரவில் வீட்டுக்குள் எடுப்பவை மட்டும் மணல் தூவியதுபோல் புள்ளி புள்ளியாக இருக்கின்றன. கேமரா மட்டமா, என் கை சரியில்லையா?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

கேமராவும் சரி, கையும் சரி. அந்த மணலில் பெரும்பங்கு வெளிச்சத்தோடு கூடவே வருவது. கேமரா அதை உண்டாக்குவதில்லை, வந்ததை வந்தபடி பதிவு செய்கிறது.

365 படத் திட்டத்தில் இறங்கும் பலரும் இந்தக் கேள்விக்கு வந்து சேர்வார்கள். வேலைக்கோ கல்லூரிக்கோ போய்வருபவருக்கு நல்ல பகல் வெளிச்சம் கிடைப்பது விடுமுறை நாளில்தான். மற்ற நாட்களில் “அடடா, இன்றைய படம்!” என்ற நினைப்பே இரவுச் சாப்பாடு முடிந்தபின்தான் வருகிறது. அதனால் ஆண்டு முழுதும் சேரும் படங்களில் கணிசமானவை ஒற்றை எல்இடி விளக்கின் கீழ் எடுத்தவையாகவே இருக்கும். இதைக் குறையாக நினைக்க வேண்டாம். வெளிச்சம் எப்படி நடந்துகொள்கிறது என்பதைக் குறைந்த வெளிச்சம்தான் நன்றாகச் சொல்லிக்கொடுக்கும்.

முதலில் கண் செய்யும் ஏமாற்றைப் பார்த்துவிடுவோம். உச்சிவெயில் ஏறக்குறைய 1,00,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு). விளக்கெரியும் அறை சுமார் 100 லக்ஸ். வித்தியாசம் ஆயிரம் மடங்கு. ஆனால் வெயிலிலிருந்து உள்ளே வந்து சில நிமிடம் ஆனதும் அறை ‘கொஞ்சம் மங்கல்’ என்றுதான் நமக்குப் படுகிறது. கண்மணி 2 மில்லிமீட்டரிலிருந்து 8 மில்லிமீட்டர் வரை விரிந்தாலும் 16 மடங்குதான் ஈடாகும். மீதியை விழித்திரை தன் உணர்திறனை மாற்றிச் சரிக்கட்டிவிடுகிறது. இந்த வசதி கேமராவுக்குக் கிடையாது. அந்த ஆயிரம் மடங்கையும் நாமோ கேமராவின் ஆட்டோ வசதியோ எங்கிருந்தாவது கொண்டுவந்தாக வேண்டும்.

கொண்டுவரும் வழிகள் எல்லாருக்கும் தெரிந்தவை. லென்ஸின் துளையான அப்பர்ச்சரைத் திறக்கலாம், வெளிச்சம் விழும் நேரத்தைத் தீர்மானிக்கும் ஷட்டரை நிதானமாக்கலாம், படத்தின் பிரகாசத்தை ஏற்றும் ஐஎஸ்ஓ எண்ணைக் கூட்டலாம். ஒவ்வொரு முறை இரட்டிப்பாவதும் ஒரு ஸ்டாப். இரண்டைப் பத்து முறை பெருக்கினால் 1,024, ஆகவே ஆயிரம் மடங்கு என்பது 10 ஸ்டாப். வெயிலில் எஃப்/16, 1/100 நொடி, ஐஎஸ்ஓ 100 என்பது பழைய ஃபிலிம் காலத்து விதி. இன்றும் பொருந்தும். அதிலிருந்து அறைக்குள் வருவோம். அப்பர்ச்சரைக் குறிக்கும் எஃப் எண் குறையக் குறையத் துளை பெரிதாகும், எஃப்/16லிருந்து 11, 8, 5.6, 4, 2.8 என்று ஐந்து படி இறங்கலாம். ஷட்டரை 1/50க்குக் கொண்டுவந்தால் இன்னொரு படி. இதற்குக் கீழே போனால் 50 மில்லிமீட்டர் லென்ஸில் கையின் நடுக்கம் படத்தில் ஏறிவிடும். இதுவரை ஆறு. பாக்கி நான்கையும் ஐஎஸ்ஓ 100லிருந்து 1600க்குப் போய்ச் சமாளிக்கிறோம். படம் சரியான பிரகாசத்தில் வந்துவிடுகிறது.

அந்தக் கடைசி நான்கு படியில்தான் மணல் இருக்கிறது. அப்பர்ச்சரும் ஷட்டரும் நிஜமாகவே கூடுதல் வெளிச்சத்தை உள்ளே விட்டன. ஐஎஸ்ஓ ஒரு துளி வெளிச்சத்தைக்கூடச் சேர்க்கவில்லை, வந்ததைப் பெருக்கிக் காட்டியது. அதாவது வெயிலில் கிடைத்த வெளிச்சத்தில் பதினாறில் ஒரு பங்கை வைத்து அதே பிரகாசத்தைக் காட்டியிருக்கிறோம்.

பதினாறில் ஒரு பங்கு வெளிச்சம் என்றால் படம் மங்கலாகத்தானே இருக்க வேண்டும், ஏன் புள்ளி புள்ளியாகிறது? இந்த இடம்தான் அழகு. தூறல் விழும்போது வெட்டவெளியில் ஒரே அளவுள்ள நூறு கிண்ணங்களை நெருக்கமாக அடுக்கி வைத்துச் சில நொடிகளில் மூடிவிடுங்கள். கிண்ணத்துக்குச் சராசரியாக நான்கு துளி விழுந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எண்ணிப் பார்த்தால் எல்லாக் கிண்ணத்திலும் நான்கு இருக்காது. சிலவற்றில் இரண்டு, சிலவற்றில் ஏழு, ஒன்றிரண்டு கிண்ணங்களில் துளியே இல்லை. மேகம் ஓரவஞ்சனை செய்யவில்லை. ஒவ்வொரு துளியும் மற்றத் துளிகளைப் பற்றி அறியாமல் தன்போக்கில் விழுந்ததன் விளைவு இது. இதே கிண்ணங்களைக் கொட்டும் மழையில் ஒரு மணி நேரம் வைத்தால் எல்லாவற்றிலும் தண்ணீர் ஒரே மட்டமாகத் தெரியும். துளி கூடக்கூட ஏற்றத்தாழ்வும் கூடத்தான் செய்கிறது. ஆனால் துளிகளின் எண்ணிக்கை கூடும் வேகத்தில் அது கூடுவதில்லை.

எவ்வளவு கூடும் என்பதற்குத் துல்லியமான விதி இருக்கிறது: எண்ணிக்கையின் வர்க்கமூலம். 100 துளிக்கு ஏற்றத்தாழ்வு சுமார் 10. 10,000 துளிக்கு 100. முன்னது பத்து விழுக்காடு, பின்னது ஒரே விழுக்காடு. இதன் அடிப்படைக் கணிதம் 1837இல் பிரெஞ்சுக் கணிதவியலர் புவாசோன் எழுதிய நூலில் வருகிறது. அவர் மழையைப் பற்றியோ ஒளியைப் பற்றியோ எழுதவில்லை. நீதிமன்றத் தீர்ப்புகளின் நிகழ்தகவை ஆராய்ந்துகொண்டிருந்தார்!

கேமராவுக்குள் ஒளியைப் பதிவு செய்யும் சில்லான சென்சார் இப்படிக் கிண்ணங்கள் அடுக்கிய ஒரு வெளிதான். ஒவ்வொரு பிக்சலும் ஒரு கிண்ணம், ஒளியின் துளி ஃபோட்டான். சிலிக்கானில் ஓர் எலெக்ட்ரானை விடுவிக்க 1.1 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் போதும். பச்சை ஒளியின் ஒரு ஃபோட்டானிடம் ஏறக்குறைய 2.3 இருக்கிறது. ஒரு ஃபோட்டான் உள்ளே சிக்கினால் ஓர் எலெக்ட்ரான் வெளியே வரும், அரையோ ஒன்றேகாலோ வராது. எண்ணி முடிக்கும் அந்த முழு எண்தான் நாம் பார்க்கும் பிரகாசம்.

இப்போது வாசகரின் மேசைமேல் இருக்கும் ஒரு வெள்ளைக் கோப்பையை எடுத்துக்கொள்வோம். வெயிலில் வைத்து எடுத்தபோது அதன் வெளிப்பக்கத்தில் பிக்சலுக்கு 10,000 எலெக்ட்ரான் சேர்ந்தது என்று கணக்குக்கு வைப்போம். ஏற்றத்தாழ்வு 100, அதாவது ஒரு விழுக்காடு. கண்ணுக்குத் தெரியாது, கோப்பை வழவழப்பாக இருக்கும். அறைக்குள் பதினாறில் ஒரு பங்கு, 625. வர்க்கமூலம் 25, அதாவது 4 விழுக்காடு. பெரிதாக்கிப் பார்த்தால் லேசான சொரசொரப்பு தெரியும். இனிக் கோப்பையின் கைப்பிடிக்குள் விழும் நிழலைப் பாருங்கள். அங்கே வெளிச்சம் இருபத்தைந்தில் ஒரு பங்குதான் என்றால் பிக்சலுக்கு 25 எலெக்ட்ரான். ஏற்றத்தாழ்வு 5. இருபது விழுக்காடு! பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்கள் 18, 31, 24, 27 என்று தாறுமாறாக எண்ணியிருக்கும். அதுதான் மணல். அது எப்போதும் நிழலில்தான் முதலில் தெரியும். ஒரே படத்தில் கோப்பை சுத்தமாகவும் அதன் நிழல் மணலாகவும் இருப்பதற்கு வேறு மர்மம் இல்லை.

வெயிலில் எடுத்த படத்திலும் இதே மணல் இருக்கிறது. அங்கே துளிகள் அதிகம் என்பதால் அடங்கிக் கிடக்கிறது.

“ஐஎஸ்ஓவைக் கூட்டினால் புள்ளி வரும், தொடாதே” என்று சொல்லிக்கொடுப்பவர்கள் நிறைய. நம்பிக்கையாகவே ஊறிப்போன தவறு இது. ஒருநாள் சோதித்துவிடுங்கள். ட்ரைபாடில் கேமராவை வைத்து, எஃப்/4, 1/50 என்று நிறுத்தி, ரா ஃபைலில் (சென்சார் பதிவு செய்ததைப் பதப்படுத்தாமல் சேமிக்கும் வடிவம்) இரண்டு படம் எடுங்கள். ஒன்று ஐஎஸ்ஓ 100, மற்றது 1600. இருட்டாக வந்த முதல் படத்தைக் கணினியில் நான்கு ஸ்டாப் ஏற்றி இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். ஏற்றியது கூடுதல் சுத்தமாக இருக்காது. பல கேமராக்களில் அதன் நிழல்தான் இன்னும் மோசமாக இருக்கும். எலெக்ட்ரானை எண்ணிப் படிக்கும் மின்சுற்று தன் பங்குக்குச் சேர்க்கும் இரைச்சலைவிட, ஐஎஸ்ஓ 1600 படத்தில் முன்பே பெருக்கிய சிக்னல் உயர்ந்து நிற்பதே காரணம். புள்ளிக்கு மூலம் வெளிச்சப் பஞ்சம். ஐஎஸ்ஓ அந்தப் பஞ்சத்தைக் காட்டும் அளவுகோல்.

மருந்து என்றால் ஃபோட்டான் சேர்ப்பது ஒன்றுதான். செலவில்லாத வழி விளக்குக்குப் பக்கத்தில் போவது. விளக்கிலிருந்து 2 மீட்டரில் இருக்கும் கோப்பையை 1 மீட்டருக்கு நகர்த்தினால் வெளிச்சம் நான்கு மடங்கு. 625 எலெக்ட்ரான் 2,500 ஆகும், 4 விழுக்காடு 2 ஆகக் குறையும். சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தால் கணக்கு கொஞ்சம் மாறும், ஆனாலும் புதிய லென்ஸ் வாங்கும் பணம் மிச்சம். அப்பர்ச்சரை முழுதும் திறந்தால் கூர்மையாகத் தெரியும் ஆழம் குறையும். எஃப்/1.8இல் முகத்தைக் கிட்டத்தில் எடுத்தால் ஒரு கண் கூர்மையாகவும் மறு கண் மங்கலாகவும் வருவது இதனால்தான். அசையாத பொருளுக்கு ஷட்டரை எவ்வளவு வேண்டுமானாலும் நீட்டலாம். ட்ரைபாட் இல்லையென்றால் கேமராவைப் புத்தக அடுக்கின்மேல் வைத்து 2 நொடி டைமரைப் போடுங்கள், பொத்தானை அழுத்தும் அதிர்வுகூட இருக்காது. ஓடியாடும் குழந்தைக்கு 1/250க்குக் கீழே போக வேண்டாம். மணல் இருந்தாலும் முகம் தெரியும். அசைவில் கரைந்த முகத்தை எந்த மென்பொருளும் சரியாக மீட்டுத் தராது.

எல்இடி விளக்கின் கீழ் 1/250இல் இன்னொரு தொல்லை காத்திருக்கிறது: படத்தின் குறுக்கே இருண்ட பட்டைகள். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் மலிவான விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கின்றன. சென்சாரோ மேலிருந்து கீழாக வரிசை வரிசையாகப் படிக்கிறது. விளக்கு மங்கிய கணத்தில் படித்த வரிசைகள் இருண்டுவிடும். 1/100 அல்லது 1/50இல் முழுத் துடிப்புகள் அடங்கிவிடுவதால் பட்டை மறையும். 60 ஹெர்ட்ஸ் உள்ள நாடுகளில் 1/120, 1/60.

ஜேபெக்கில் மட்டும் எடுப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மணலை மறைக்கக் கேமராவே பக்கத்துப் பிக்சல்களைக் குழைத்துப் பூசிவிடும். மணல் போகும், கூடவே தலைமுடியும் துணியின் நெசவும் போகும், தோல் மெழுகுபோல் ஆகும். நெசவு தெரியும் மணல் படம், மெழுகுப் படத்தைவிட எவ்வளவோ மேல்.

இரவில் ஃபிளாஷ் போட்டு எடுத்த படங்களில் வெள்ளை வட்டங்கள் மிதப்பதைப் பார்த்து ஆவி என்று பரப்புகிறார்களே, அதுவும் இந்த வெளிச்சக் கணக்கில் அடங்கிவிடும். லென்ஸுக்கு 10 சென்டிமீட்டர் முன்னால் மிதக்கும் தூசிக்கும் 3 மீட்டர் தள்ளி இருக்கும் சுவருக்கும் தூரத்தில் 30 மடங்கு, ஃபிளாஷ் வெளிச்சத்தில் 900 மடங்கு வரை வித்தியாசம். அவ்வளவு கிட்டத்தில் லென்ஸ் குவியாது என்பதால் தூசி வட்டமாக விரிகிறது. ஃபிளாஷ் லென்ஸை ஒட்டியே இருக்கும் சிறிய கேமராக்களில் இது அதிகம். இறந்தவரை நினைத்து வாடும் வீட்டில் இந்தத் தூசியைக் காட்டிப் பணம் பறிப்பது கொடுமை. உதறிய போர்வைக்கு முன் நின்று நான்கு படம் எடுத்துக் காட்டினால் போதும், அந்த நம்பிக்கை கலைந்துவிடும்.

ஒளி துளித்துளியாக வருகிறது என்று 1905இல் ஐன்ஸ்டீன் எழுதியபோது யாருக்கும் அதால் உடனடிப் பயன் இல்லை. வெற்றிடக் குழாய்களில் எலெக்ட்ரான்கள் தனித்தனியாக வருவதால் எழும் இரைச்சலை 1918இல் ஜெர்மானிய இயற்பியலர் ஷாட்கி விளக்கினார். 1969இல் பெல் ஆய்வகத்தில் பாயிலும் ஸ்மித்தும், பின்னாளில் டிஜிட்டல் கேமராக்களின் சென்சாரான சிசிடியை உருவாக்கினார்கள். இன்று கைபேசிகளில் இருக்கும் சீமாஸ் வகைச் சென்சாருக்கு வழிவகுத்தது, 1990களில் நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் விண்கலங்களுக்குச் சிறிய கேமரா வேண்டும் என்று எரிக் ஃபாஸம் குழு செய்த வேலை. “இதனால் ஐந்தாண்டில் என்ன லாபம்?” என்ற படிவத்தோடு நிதி வழங்குபவர்கள் இந்த வரிசையில் ஒன்றைக்கூடத் தேர்ந்தெடுத்திருக்க மாட்டார்கள். அடிப்படை ஆராய்ச்சிக்குத் தரும் பணத்தை அவசரக் கணக்கில் அளப்பது தவறு என்பது என் உறுதியான கருத்து.

திட்டத்துக்கு வருவோம். மீதி மாதங்களுக்கு ஒரே லென்ஸ், மேனுவல் முறை, ரா ஃபைல் என்று வைத்துக்கொள்ளுங்கள். படம் எடுக்கும் முன் வெளிச்சத்தைக் கண்ணால் அளந்து அப்பர்ச்சர், ஷட்டர், ஐஎஸ்ஓ என்ற மூன்று எண்களையும் நோட்டில் எழுதுங்கள், பிறகு கேமராவின் ஒளி மீட்டரைப் பாருங்கள். தொடக்கத்தில் மூன்று நான்கு ஸ்டாப் பிசகும். விடாமல் எழுதினால் ஒரு ஸ்டாப்புக்குள் வரும். மீட்டரையும் கண்ணை மூடி நம்ப முடியாது. எதைக் காட்டினாலும் அது நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். வெள்ளைச் சுவருக்கு ஒன்று முதல் ஒன்றரை ஸ்டாப் கூட்டுங்கள், கறுப்புப் பூனைக்கு ஒரு ஸ்டாப் குறையுங்கள். ஹிஸ்டோகிராம் (படத்தின் பிரகாசப் பரவலைக் காட்டும் வரைபடம்) வலப்பக்கச் சுவரில் முட்டாத அளவுக்கு வெளிச்சத்தை வாரிக் கொடுங்கள். முட்டிய இடம் வெளுத்துப் போனால் திரும்ப வராது.

ஒரு நாளை மட்டும் இந்தச் சோதனைக்கு ஒதுக்குங்கள். ஆடாமல் நிறுத்திய கேமராவில், ஐஎஸ்ஓ 1600இல், அதே கோப்பையை 16 முறை எடுத்துக் கணினியில் அடுக்கிச் சராசரி பாருங்கள். 16இன் வர்க்கமூலம் 4. மணல் நான்கில் ஒரு பங்காகி, வெயிலில் எடுத்த கோப்பையின் வழவழப்புக்கு ஏறக்குறைய வந்துவிடும். கைபேசிகளின் இரவு முறை செய்வதும் பெரும்பாலும் இதுதான்: பல படங்களை மளமளவென்று எடுத்து, கை ஆடியதை ஒட்டிப் பொருத்திச் சேர்க்கிறது. நடுவில் யாராவது நடந்துபோனால் இரட்டை உருவம் விழும். சராசரி எடுத்தபின்னும் சில புள்ளிகள் இடம் மாறாமல் அப்படியே இருந்தால் அவை ஃபோட்டானின் வேலை அல்ல, சூடேறிய பிக்சல்கள். லென்ஸ் மூடியைப் போட்டு அதே ஷட்டர், அதே ஐஎஸ்ஓவில் இன்னும் 16 படம் எடுத்து, அதன் சராசரியை முந்தையதிலிருந்து கழித்தால் அவையும் போய்விடும்.