மியூட்டில் கிடக்கும் சம்மதம்

"யாருக்காவது சந்தேகம் இருக்கா?" என்று ஆளுக்கொரு ஊரிலிருந்து வேலை செய்யும் குழுவின் ஆன்லைன் கூட்டத்தில் மேலாளர் கேட்கிறார். எல்லா மைக்கும் மியூட்டில். "அப்போ சரி, இதே தேதிக்கு முடிச்சிடலாம்" என்று கூட்டம் கலைகிறது. அடுத்த நிமிடமே இரண்டு பேர் தனிச் சாட்டில், "இது நடக்கிற காரியமா?" என்று புலம்புகிறார்கள். அந்தப் புலம்பல் மேலாளர் காதுக்கு எட்டுவதற்குள் தேதி தவறிவிடுகிறது.

கேள்வி கேட்டாலோ, தவற்றை ஒப்புக்கொண்டாலோ தன்னை மட்டம் தட்ட மாட்டார்கள் என்று குழுவில் எல்லோருக்கும் இருக்கும் நம்பிக்கைதான் உளவியல் பாதுகாப்பு. அந்தக் கூட்டத்தில் இல்லாதது அதுதான். ஹார்வர்டு பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன் 1999-இல் 51 குழுக்களை ஆராய்ந்து இதை விளக்கினார். அதற்கு முன்பு மருத்துவமனைகளில் அவர் செய்த ஆய்வில், நன்றாக இயங்கிய செவிலியர் குழுக்களில்தான் மருந்துப் பிழைகள் அதிகம் பதிவாகியிருந்தன. அங்கே பிழையை மறைக்காமல் சொன்னார்கள் என்பதே அவர் கண்ட விளக்கம். மாதக்கணக்கில் ஒரு தவறுகூடக் காதுக்கு வராத குழுவைப் பார்த்துத்தான் கவலைப்பட வேண்டும்.

அலுவலகத்தில் ஒருவர் நெற்றி சுருங்கினாலே விஷயம் புரியும். தொலைவில் இருப்பவரிடம் அது தெரியாது. எழுத்தில் தொனியும் கிடையாது. "கொஞ்சம் பேசணும்" என்று மட்டும் மேலாளர் அனுப்பினால் வாங்கியவருக்கு அன்றைய வேலை ஓடாது. "நாளைய அறிக்கையின் 2-ஆம் பக்கம் பற்றி, அவசரமில்லை" என்று சேர்த்து எழுத எத்தனை நொடி ஆகும்?

கூட்டத்தில் முடிவெடுக்கும் முன் 5 நிமிடம் எல்லோரும் பேசாமல் பொது ஆவணத்தில் தங்கள் கருத்தை எழுதட்டும். பிறகு பேச்சு, அதுவும் இளையவரிலிருந்து தொடங்கி, மேலாளர் கடைசியாக. அவர் முதலில் வாய் திறந்தால் மற்றவர்கள் அதற்கு ஒத்து ஊதுவார்கள். "சந்தேகம் இருக்கா?" என்பதற்குப் பதிலாக "இந்தத் திட்டம் எங்கே உடையும்? ஆளுக்கு ஒன்று சொல்லுங்கள்" என்று கேட்டால், குறை சொல்வதும் வேலையில் ஒரு பகுதியாகிவிடும்.

இத்தனையும் செய்துவிட்டு, முதல் கெட்ட செய்தி வரும்போது கோபப்பட்டால் எல்லாம் வீண். குழுவின் பொதுச் சாட் சேனலில் "எப்படி இதைக் கவனிக்காமல் விட்டீர்கள்?" என்று எழுதிய ஒரு வரி அழியாமல் அங்கேயே கிடக்கும், புதிதாகச் சேர்பவரும் அதைப் படிப்பார். சொன்னவருக்கு முதலில் நன்றி, அடுத்து "இப்போது என்ன உதவி வேண்டும்?", அதன்பிறகே காரணம். காரணத்தைப் பதிவு செய்யும்போது ஆளின் பெயர் வேண்டாம். எந்தப் படியில் சரிபார்ப்பு விடுபட்டது என்று எழுதினால் போதும். திருத்த வேண்டியதைத் தனியாகப் பேசலாம். தரத்தில் விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை.

விசைப்பலகைத் தட்டலை எண்ணும் கண்காணிப்பு மென்பொருளை நிறுவிவிட்டு "மனம் திறந்து பேசுங்கள்" என்றால் யார் நம்புவார்கள்? பெயரில்லாக் கருத்துக்கணிப்பும் அப்படித்தான். நான்கு பேர் குழுவில் எழுத்து நடையே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். சிறு குழுக்களின் பதில்களைப் பிற குழுக்களோடு சேர்த்தே மேலாளருக்குக் காட்டுங்கள். அப்படித்தான் காட்டப்போகிறோம் என்பதைக் கேள்விகளுக்கு மேலேயே எழுதிவிடுங்கள்.