தோணியும் சுமையும்: வாவிக்குள் நனோத் துணிக்கைகள்

கால் மணக்காது என்று சொல்லி விற்கும் சொக்ஸ் சிலவற்றில் வெள்ளி நனோத் துணிக்கைகளைச் சேர்த்திருப்பார்கள். துவைக்கத் துவைக்க அதில் ஒரு பங்கு தண்ணீரோடு போய்விடும். மட்டக்களப்பில் கல்லடியிலோ நாவற்குடாவிலோ அந்தத் தண்ணீர் கானுக்குள் இறங்கினால், ஒரு மழைக்கு மட்டக்களப்பு வாவியில் நிற்கும்.

நனோத் துணிக்கையின் அளவு 1 முதல் 100 நனோமீற்றர். தலைமயிர் ஒன்றின் தடிப்போ ஏறத்தாழ 80,000 நனோமீற்றர். பக்கம் 1 சென்றிமீற்றர் உள்ள ஒரு கனக்கட்டிக்கு 6 சதுர சென்றிமீற்றர் மேற்பரப்பு உண்டு. அதையே 10 நனோமீற்றர் கட்டிகளாக வெட்டினால் மேற்பரப்பு 600 சதுர மீற்றராகும். கிட்டத்தட்ட 24 பேர்ச்சஸ் வளவு. பொருள் ஒரு மணி அளவும் கூடவில்லை. ஆனால் இரசாயனத் தாக்கம் நடப்பது மேற்பரப்பில்தான்.

அதனால்தான் நனோ வெள்ளி விரைவாகக் கரைந்து வெள்ளி அயன்களை, அதாவது மின்னேற்றம் பெற்ற வெள்ளி அணுக்களை, விடுகிறது. காலில் மணம் உண்டாக்கும் பற்றீரியாக்களைக் கொல்வது அந்த அயன். தண்ணீரில் நமக்கு வேண்டிய நுண்ணுயிர்களையும் அது விடாது. பாசிக்குடாவில் குளிக்க வருபவர்கள் பூசும் சன்ஸ்கிறீன் சிலவற்றில் உள்ள நாக (சிங்க்) ஒட்சைட்டும் இப்படித்தான் கரையும்.

என்னை அதிகம் யோசிக்க வைப்பது வேறொன்று. பரந்த மேற்பரப்பில் மற்ற நஞ்சுகள் வந்து ஒட்டிக்கொள்ளும். துணிக்கை ஒரு தோணி, நஞ்சு அதில் ஏறும் சுமை. கட்மியம் என்ற நச்சு உலோகம் கலந்த நீரில் காப் மீன்களை வளர்த்து, 2007இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தைத்தானியம் ஈரொட்சைட்டு நனோத் துணிக்கைகளும் இருந்த நீரில், 25 நாளில் மீன்களில் சேர்ந்த கட்மியம் 146 வீதம் கூடியிருந்தது. மீனின் பூக்களிலும் (செவுள்களிலும்) உள்ளுறுப்புகளிலும்தான் அதிகம் சேர்ந்தது. சில துணிக்கைகள் பிறக்கும்போதே சுமையோடு வரும்: காபன் நனோக்குழாய்களைச் செய்ய ஊக்கியாகப் போடும் நிக்கல், கோபால்ற்று முதலியவை முழுதாகக் கழுவப்படாமல் உள்ளே தங்கிவிடுவதுண்டு.

கட்மியம் நமக்குத் தூரத்துச் சரக்கில்லை. பொஸ்பேற்று உரத்தில் அது சிறிதளவு இருக்கும். வாவியின் மேற்குக் கரையான படுவான்கரை வயல்களின் வடிநீர் வாவிக்குத்தான் வருகிறது.

இனி உப்பின் வேலை. நன்னீரில் துணிக்கைகள் ஒரே மின்னேற்றத்தால் ஒன்றையொன்று தள்ளியபடி மிதக்கும். மாரியில் வெள்ளம் நிரம்பும்போது வாவி அப்படித்தான் இருக்கும். முகத்துவாரம் வெட்டுப்பட்டுக் கடல் உள்ளே ஏறினால், உப்பு அயன்கள் அந்தத் தள்ளலை மறைத்துவிடும். துணிக்கைகள் திரண்டு, கனத்து, சேற்றில் படியும். அதே உப்பிலுள்ள குளோரைட்டு, கட்மியத்தை இழுத்துத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். தோணி தாழும்போது சுமையில் ஒரு பகுதி மீண்டும் நீரில் இறங்குகிறது.

சேற்றுக்கு வந்த வெள்ளிக்கு ஒரு தடை உண்டு. கூழ்முட்டை மணக்கும் அந்தக் கறுப்புச் சேற்றின் சல்பைட்டு, வெள்ளியைப் பிடித்து அநேகமாகக் கரையாத வெள்ளி சல்பைட்டாக்கும். நஞ்சு வெகுவாகத் தணியும். கிளறப்படாத சேறு இந்த வகையில் நம் காவல்.

தைத்தானியம் ஈரொட்சைட்டு அப்படி மாறாது, கரையவும் கரையாது. தன் மேல் ஒட்டிய மிச்சத்தோடு அடியில் கிடக்கும். அதே அடியில்தான் நண்டும் இறாலும் மட்டியும் இரை தேடுகின்றன.