பேக்ஸ்டாப்புக்கு தமிழ்ல என்ன?

பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளிய வர்ற பிரெக்ஸிட் சண்டை உச்சத்துல இருந்த 2018, 19ல பேக்ஸ்டாப் பேக்ஸ்டாப்னு கேட்டு காதே புளிச்சிருக்கும். ஆனா இது விளையாட்டுல இருந்து வந்த சொல். பேஸ்பால்ல கேட்சருக்கு பின்னாடி இருக்கிற வேலி, இங்கிலாந்து பசங்க ஆடுற ரவுண்டர்ஸ்ல அடிக்கிறவருக்கு பின்னாடி நிக்கிற ஆள். மத்தவங்க விட்ட பந்து அதுக்கு மேல போகாம பாத்துக்கணும், அவ்ளோதான் வேலை. அப்புறம் பேங்க் நஷ்டத்துக்கு கடைசியா பொறுப்பு ஏத்துக்கிறதையும் இப்படி சொல்ல ஆரம்பிச்சாங்க.

பிரிட்டனுக்கு வந்த சிக்கல், அதோட பகுதியான வட அயர்லாந்துக்கும் ஐரோப்பிய ஒன்றியத்துல இருக்கிற அயர்லாந்து நாட்டுக்கும் நடுவுல இருக்கிற எல்லை, சுமார் 500 கிலோமீட்டர். வட அயர்லாந்து மோதலை முடிச்சு வச்ச 1998 புனித வெள்ளி ஒப்பந்தத்துக்கு அப்புறம் அமைதியா இருக்கிற இடத்துல மறுபடி செக்போஸ்ட் போட யாருக்கும் மனசில்ல, ஆனா அப்போ பிரதமரா இருந்த தெரசா மே, உறுப்பு நாடுகளுக்குள்ள சுங்க வரியே இல்லாத ஐரோப்பிய சுங்க ஒன்றியத்துல இருந்தும் வெளிய வர்றோம்னுட்டாங்க, அப்போ சரக்கை எங்கதான் சோதிக்கிறது? எதிர்கால வர்த்தக ஒப்பந்தம் இதுக்கு வழி சொல்லலன்னா மொத்த பிரிட்டனும் ஐரோப்பாவோட ஒரே சுங்கப் பகுதியா இருக்கும், வட அயர்லாந்துக்கு கூடுதலா சில ஐரோப்பிய விதிகளும் உண்டு, இதான் பேக்ஸ்டாப். இதுல இருந்து பிரிட்டன் தன்னிச்சையா வெளிய வர முடியாது, அதான் மேயோட சொந்தக் கட்சிக்காரங்களே கொதிச்சாங்க. 2019 ஜனவரி 15ல 432க்கு 202னு அவங்க பிரெக்ஸிட் ஒப்பந்தம் பிரிட்டன் நாடாளுமன்றத்துல தோத்துச்சு.

சரி, தமிழ்ல? பின்தடுப்புனா நேர் அர்த்தம்தான், ஆனா எல்லைல தடுப்பே வரக்கூடாதுன்னு போட்ட ஏற்பாட்டுக்கு தடுப்புனு பேர் வச்சா சிரிப்பாங்க. மாற்று ஏற்பாடுனு எழுதுனா இன்னும் மோசம், ஏன்னா ஜனவரி 29ல 317க்கு 301னு ஓட்டுப் போட்டு பேக்ஸ்டாப்பை எடுத்துட்டு 'மாற்று ஏற்பாடுகள்' வைங்கன்னு தீர்மானமே போட்டாங்க, அப்போ எதிரியோட பேரை இதுக்கு வச்ச மாதிரி ஆயிடும். கடைக்காப்பு நல்லாத்தான் இருக்கு, ஆனா அது சம்பந்தர் பதிகத்தோட கடைசிப் பாட்டுக்கு ஏற்கனவே பேர், அவர்கிட்ட போய் வம்பு வேணாம். அதனால என் ஓட்டு பின்காப்புக்கு. பின்னாடி நிக்குது, மத்தது எல்லாம் கைவிட்டா காக்குது, ரெண்டும் வந்துடுது.

அப்புறம் 2019 அக்டோபர்ல அடுத்த பிரதமர் போரிஸ் ஜான்சன் பேக்ஸ்டாப்பை தூக்கிட்டு, பிரிட்டன்ல இருந்து வட அயர்லாந்து போற சரக்கை கடலைத் தாண்டுறப்பவே சோதிக்கலாம்னு மாத்துனாரு. இது கடைசி நேரத்துக்குனு வச்சது இல்ல, முதல் நாள்ல இருந்தே நடப்புல இருக்கிறது, அதனால கிண்டலா ஃப்ரன்ட்ஸ்டாப்னும் சொன்னாங்க. அதுக்கு முன்காப்புன்னே வச்சுக்கலாம்.