குளிருக்கும் வெயிலுக்கும் ஒரே குழாய்: நிலத்தடி ஹீட் பம்ப் வேலை செய்யும் விதம்

தமிழ்நாட்டில் ஆடி என்றால் காற்று. ஜோகன்னஸ்பர்க் பக்கம் ஆடி என்றால் உறைபனி. மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் நாட்களில் லெனேசியாவில் விடிகாலைப் புல் வெள்ளை பூத்துக் கிடக்கும். கடல் மட்டத்துக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் மேலே இருக்கும் ஊர், வறண்ட காற்று, மேகமில்லாத வானம். பகலில் ஏறிய சூடு இரவில் தங்குவதில்லை. மார்கழியிலோ இங்கே கோடை. தகரக்கூரை வீடுகள் மத்தியானத்தில் தகிக்கும்.

இந்தக் குளிர், வெயில் இரண்டுக்கும் நம் காலடி மண்ணையே பயன்படுத்தலாம். மண்ணுக்குள் குழாய் இறக்கி, அதில் ஓடும் தண்ணீர் வழியாகக் குளிர்காலத்தில் மண்ணின் சூட்டை வீட்டுக்குள் கொண்டுவந்து, கோடையில் வீட்டுச் சூட்டை மண்ணுக்குள் தள்ளும் கருவிதான் நிலத்தடி ஹீட் பம்ப்.

மண் வெப்பத்தை மிக மெதுவாகத்தான் கடத்தும். பகல் இரவு வித்தியாசம் அரை மீட்டர் ஆழத்திலேயே ஏறக்குறைய மறைந்துவிடும். பருவங்களின் குளிரும் சூடும் இன்னும் கீழே இறங்கும், ஆனால் ஆடி அசைந்துதான் போகும். ஆடி மாதக் குளிர் மூன்று மீட்டர் ஆழத்தைத் தொடும்போது மேலே புரட்டாசி ஆகியிருக்கும். அதற்குள் அதன் கடுமையும் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்திருக்கும். பத்து மீட்டருக்குக் கீழே ஆண்டு முழுவதும் ஒரே வெப்பம். அது பெரும்பாலும் அந்த ஊரின் ஆண்டுச் சராசரியை ஒட்டி, சற்றுக் கூடுதலாக இருக்கும். ஜோகன்னஸ்பர்க்கில் அது சுமார் 17, 18 டிகிரி.

இந்தச் சூடு எங்கிருந்து வருகிறது என்பதில் பலருக்குக் குழப்பம் உண்டு. தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்களின் கதைகளைக் கேட்டவர்கள், பூமியின் வயிற்றுச் சூட்டைத்தான் இழுக்கிறோம் என்று நினைக்கிறார்கள். ம்போனெங் சுரங்கத்தில் ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர் ஆழத்தில் பாறை 60 டிகிரியைத் தாண்டும் என்பது உண்மைதான். ஆனால் இந்தப் பகுதியில் கிலோமீட்டருக்குப் பத்துப் பன்னிரண்டு டிகிரிதான் ஏறும். வீட்டுக்கு நூறு மீட்டர் துளை போட்டால் ஒரு டிகிரி கூடும், அவ்வளவுதான். நாம் எடுப்பது பெரும்பாலும் மண்ணில் சேர்ந்த வெயிலை.

சரி, 17 டிகிரி மண்ணை வைத்து அறையை எப்படி 21 டிகிரிக்குச் சூடாக்குவது? குளிர்சாதனப் பெட்டியின் பின்பக்கம் கை வைத்துப் பாருங்கள். உள்ளே இருக்கும் பாலிலிருந்தும் காய்கறியிலிருந்தும் எடுத்த சூட்டை அது அங்கேதான் கொட்டுகிறது. ஹீட் பம்ப் செய்வதும் அதே வேலை. மண்ணுக்குள் போய்வந்த தண்ணீர், குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும் ஒரு திரவத்துக்குச் சூட்டைக் கொடுக்கிறது, திரவம் ஆவியாகிறது. கம்ப்ரசர் அந்த ஆவியை நெருக்குகிறது. நெருக்க நெருக்க அது சூடேறி, நாற்பது டிகிரி அளவில் வீட்டுத் தண்ணீருக்குச் சூட்டைக் கொடுத்துவிட்டு மறுபடி திரவமாகிறது. பிறகு ஒரு சின்ன வால்வு வழியாக அழுத்தம் குறைந்து, சில்லென்று ஆகி, முதலிலிருந்து தொடங்குகிறது. கோடையில் இன்னொரு வால்வு இந்த ஓட்டத்தைத் திருப்பிவிடும். வீட்டுச் சூடு மண்ணுக்குள் போகும்.

மின்சாரம் இங்கே சூட்டை உண்டாக்குவதில்லை, இடம் மாற்றுகிறது. கணக்கைப் பாருங்கள். ஒரு வீட்டுக்கு 8 கிலோவாட் வெப்பம் வேண்டும் என்று வையுங்கள். கம்பி ஹீட்டர்களுக்கு 8 கிலோவாட் மின்சாரம் வேண்டும். நல்ல நிலத்தடி ஹீட் பம்புக்கு 2 போதும். மீதி 6 மண் கொடுக்கும். ஒரு மீட்டர் துளையிலிருந்து சுமார் 50 வாட் எடுக்கலாம் என்று கொண்டால், 120 மீட்டர் துளை தேவை. ஒரே துளையாகவும் போடலாம், ஐந்தாறு மீட்டர் இடைவெளி விட்டு இரண்டாகவும் போடலாம். தோட்டம் பெரிதாக இருந்தால் துளையே வேண்டாம்: ஒன்றரை மீட்டர் ஆழத்தில் நீளமாகப் பள்ளம் வெட்டிக் குழாயைப் படுக்கவைக்கலாம். ஊருக்குள் இருக்கும் மனைகளில் அதற்கு இடம் கிடைப்பது அரிது.

துளைக்குள் இறங்குவது கறுப்பு பாலித்தீன் குழாய், விரல் மூன்றைச் சேர்த்துப் பிடித்த தடிமன். ஒரு பக்கம் இறங்கி, அடியில் வளைந்து, மறுபக்கம் ஏறும். அந்த அடி வளைவை இரு முனைகளையும் சூடாக்கி உருக்கி ஒட்டுவார்கள்; திருகு, கிளிப் எதுவும் கூடாது. குழாயைச் சுற்றி பென்டோனைட் களிமண் குழம்பை அடியிலிருந்து மேல்நோக்கி நிரப்ப வேண்டும். நடுவில் காற்று நின்றுவிட்டால் அந்த இடத்தில் வெப்பம் கடக்காது. மூடுவதற்கு முன் குழாயில் தண்ணீரை அழுத்தி நிறுத்தி, மானியின் முள் இறங்குகிறதா என்று பார்த்துவிடுங்கள். மண்ணுக்குள் போன குழாய் ஐம்பது ஆண்டு உழைக்கும், ஆனால் கசிந்தால் தோண்டி எடுக்க வழியில்லை.

லெனேசியாவில் இந்தக் கசிவு வெறும் செலவு விஷயம் அல்ல. அங்கே பல இடங்களில் கீழே இருப்பது டோலமைட் பாறை. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகி, கோடிக்கணக்கான ஆண்டுகளில் அந்தப் பாறையைத் தின்று குகைகளாக்கியிருக்கிறது. மேலே மண் மூடியிருப்பதால் நமக்குத் தெரிவதில்லை. கசியும் குழாய்த் தண்ணீர் அந்த மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குகைக்குள் கழுவிக்கொண்டு போகும். ஒருநாள் தரை அப்படியே உள்ளே போய்விடும். சுரங்கங்கள் நிலத்தடி நீரை இறைத்தாலும் இதே கதிதான். மேற்கு டிரைஃபொன்டெய்ன் சுரங்கத்தில் 1962 டிசம்பரில் ஒரு கட்டடமே இப்படி உள்வாங்கி 29 பேர் இறந்தார்கள்.

கொடுமை என்னவென்றால், டோலமைட் வெப்பத்தை மிக நன்றாகக் கடத்தும் பாறை. ஹீட் பம்புக்கு அதைவிட ஏற்ற கல் கிடைப்பது கடினம். ஆனாலும் துளை போடுபவர் சொல்லை மட்டும் நம்பி அங்கே துளை போடக்கூடாது. டோலமைட் நிலத்தில் கட்டுவதற்கென்றே சான்ஸ் (SANS) 1936 என்ற எண்ணில் தென்னாப்பிரிக்கத் தேசியத் தரவிதி இருக்கிறது. முதலில் நிலவியலாளர் ஒருவர் மனையைச் சோதித்து எழுதிக் கொடுக்கட்டும். அபாயம் அதிகம் என்று வந்தால் திட்டத்தையே விட்டுவிடுங்கள். மின்கட்டணத்தில் மிச்சமாகும் பணத்துக்காக வீட்டைப் பணயம் வைக்க வேண்டியதில்லை.

துளைக்குச் செலவழிப்பதற்கு முன் சீலிங்குக்கு மேல் கனமான காப்புப் பஞ்சு போடுங்கள். என்னைக் கேட்டால் முதல் ராண்ட் அங்கேதான் போக வேண்டும். சூடு ஓட்டை வழியாகப் போகாத வீட்டுக்குச் சின்ன ஹீட் பம்பும் குட்டையான துளையும் போதும். அறைக்குள் சூட்டைப் பரப்ப, தரைக்குள் ஓடும் குழாய்தான் சிறந்தது, ஏனென்றால் 35 டிகிரி தண்ணீரே அதற்குப் போதும். கீசருக்கு 60 டிகிரி கேட்டால் கம்ப்ரசர் கூடுதலாகப் பாடுபடும், மின்சாரமும் அதற்கேற்ப ஏறும். லோட் ஷெடிங்கை நினைத்து இன்வெர்ட்டர், பேட்டரியோடு ஓட்ட நினைப்பவர்கள், மெதுவாக வேகம் எடுக்கும் கம்ப்ரசராகக் கேட்டு வாங்க வேண்டும். சட்டென்று கிளம்பும் பழைய வகை அந்த முதல் இழுப்பிலேயே இன்வெர்ட்டரை நிறுத்திவிடும்.

டர்பன்காரர்களுக்கு நான் இதைச் சிபாரிசு செய்யமாட்டேன். சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் குளிர்காலம் சாதுவானது, கோடைப் புழுக்கமோ நீளமானது. ஜோகன்னஸ்பர்க்கில் குளிர்காலத்தில் மண்ணிலிருந்து எடுத்ததைக் கோடையில் திருப்பிக் கொடுக்கிறோம். டர்பனில் கொடுப்பது மட்டும்தான் நடக்கும். துளையைச் சுற்றிய மண் ஆண்டுக்கு ஆண்டு சூடேறி, சில வருடங்களில் குளிரூட்டும் திறன் குறைந்துகொண்டே வரும். அங்கே வெளிக்காற்றிலிருந்தே சூட்டை எடுத்துக் கீசரைச் சூடாக்கும் ஹீட் பம்ப் போதும். ஆண்டு முழுவதும் வெதுவெதுப்பான காற்று இருப்பதால் அது அருமையாக வேலை செய்யும். கடலுக்குப் பக்கத்து வீடு என்றால் மட்டும், காற்றிலிருந்து சூட்டை எடுக்கும் உலோகச் சுருள் உப்புக்காற்று அரிக்காத பூச்சுள்ளதா என்று கேட்டு வாங்குங்கள்.