பெயின்ற் அடிக்க முன்னம் கூப்பிடுங்கள்

கிளிநொச்சிப் பக்கம் ஒரு நெல் ஆலையில், தண்ணீர்த் தாங்கி வைக்கப் புதிதாக அடித்த இரும்பு ஸ்ரான்டின் ஒட்டுகளைப் பரிசோதிக்க என்னைக் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் அடி முதல் நுனி வரை பளபளவென்று பெயின்ற். வெல்டிங் ஒட்டுகளைக் கிரைண்டரால் வழித்து, பட்டியும் பூசியிருந்தார்கள். "நல்ல வடிவா இருக்குத்தானே, ஓகே எண்டு எழுதித் தாங்கோ" என்றார் உரிமையாளர். எதைப் பார்த்து எழுதுவது? இப்படி எத்தனை இடத்தில் நிற்பது என்ற சலிப்பில்தான் இதை எழுதுகிறேன்.

வழவழப்பான ஒட்டுத்தான் பலமான ஒட்டு என்ற நம்பிக்கை வவுனியா தொடக்கம் முல்லைத்தீவு வரை வேரூன்றிக் கிடக்கிறது. இது தவறு. இரண்டு தகடுகள் செங்குத்தாகச் சேரும் மூலையில் போடும் ஒட்டின் பலம் அதன் கழுத்துத் தடிப்பில், அதாவது உள் மூலையிலிருந்து ஒட்டின் வெளிமுகம் வரையுள்ள மிகக் குறுகிய தடிப்பில், இருக்கிறது. ஒட்டின் கால், அதாவது தகட்டின் மேல் அது படர்ந்திருக்கும் நீளம், 6 மில்லிமீற்றர் என்றால் கழுத்து சுமார் 4.2 மில்லிமீற்றர். வடிவுக்காக அந்தக் கழுத்தில் 2 மில்லிமீற்றரை வழித்தால் கிட்டத்தட்டப் பாதிப் பலம் போய்விட்டது. அப்புறம் எத்தனை கோட் பெயின்ற் அடித்தாலும் போன பலம் திரும்பாது. இன்னொரு கெட்ட பழக்கமும் உண்டு. பொருத்தில் இடைவெளி கூடினால் அதற்குள் கம்பித் துண்டைச் செருகி, மேலால் ஒரு ஒட்டு இழுத்து விடுகிறார்கள். மேலே முழு ஒட்டு. உள்ளே தகட்டில் பிடிப்பே இல்லை. தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள், தம்பிமாரே. அந்த ஸ்ரான்டின் கீழேதான் ஆட்கள் நெல் காயவிடுகிறார்கள்.

கீழே நின்று அண்ணாந்து பார்ப்பதும் பரிசோதனை இல்லை. ஒட்டுகளைக் கண்ணால் பரிசோதிப்பதற்கான சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 17637 சொல்வது இதுதான்: கண் 600 மில்லிமீற்றருக்குள் இருக்க வேண்டும், பார்க்கும் கோணம் 30 பாகைக்குக் குறையக் கூடாது, வெளிச்சம் குறைந்தது 350 லக்ஸ், 500 என்றால் நல்லது. ஆகவே ஏணியோ சாரமோ போட்டு வையுங்கள். ஒட்டின் மேல் படிந்த கசடைத் தட்டி, வயர் பிரஷ்ஷால் தேய்த்து விடுங்கள். கசடுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று எனக்கும் தெரியாது, ஒட்டினவருக்கும் தெரியாது.

பரிசோதனை ஒட்ட முன்னமே தொடங்குகிறது. துரு, எண்ணெய், பொருத்தின் இடைவெளி, வெல்டிங் ரொட்டின் ஈரம் எல்லாம் பார்க்க வேண்டும். மாரியில் பெட்டி திறந்து கிடந்த 7018 வகை ரொட்டைக் காய வைக்காமல் பாவிக்காதீர்கள். ஈரத்தால் வரும் வெடிப்பு ஒரு நாள், இரண்டு நாள் கழித்தும் திறக்கும். தடித்த இரும்பென்றால் 48 மணி நேரம் விட்டுப் பார்க்க வேண்டும். சோளகக் காற்றடிக்கும் காலத்தில் வெளியில் மிக் வெல்டிங் செய்தால் மறைப்பு இல்லாமல் வேண்டாம். ஒட்டைக் காக்கும் வாயுவைக் காற்று கொண்டுபோய்விடும், ஒட்டு முழுக்கத் துளை.

பழைய லொறியின் வில்லுத்தகட்டை வெட்டி உழவு இயந்திரப் பெட்டியில் ஒட்டுவதையும் விடுங்கள். அதில் கார்பன் அதிகம். ஒட்டு நன்றாக இருக்கும், ஒட்டுக்குப் பக்கத்தில் இரும்பு வெடிக்கும். பிறகு அந்த வெடிப்பின் மேலேயே இன்னொரு ஒட்டு! வெடிப்பை முழுக்கத் தோண்டி எடுக்காமல் மேலால் ஒட்டினால் அது உள்ளேயே வளரும். வெடிப்புக்குள் ஊறும் சிவப்புச் சாயத்தை அடித்துத் துடைத்து, அதை வெளியே இழுத்துக் காட்டும் வெள்ளை டெவலப்பரை அடித்தால் வெடிப்பு எங்கே முடிகிறதென்று தெரியும்.

ஏற்கெனவே பெயின்ற் அடித்துவிட்டீர்களா? சரி, ஒட்டின் ஓரமாகப் பெயின்ற் மயிரிழையாய்ப் பிளந்து துரு வழிகிறதா பாருங்கள். வழிந்தால் தாங்கியில் உள்ள தண்ணீரை இறக்கிவிட்டு, அந்த இடத்தைச் சுரண்டிக் காட்டுங்கள்.