பழைய வண்டியை விற்கும் முன் ஒரு தடவை பட்டறைக்குக் கொண்டுவாருங்கள்

கோயம்புத்தூரில் பைக் பட்டறை நடத்துகிறேன். புது வண்டி வாங்கி நாலைந்து மாதம் ஆன சிலர் என்னைத் தேடி வருவார்கள். வண்டியில் ரிப்பேர் எதுவும் இருக்காது. "ஏனுங்ண்ணா, என்னோட பழைய வண்டி இப்ப யார்கிட்ட இருக்குதுன்னு தெரியுங்களா?" என்று கேட்பார்கள். பத்துப் பன்னிரண்டு வருடம் ஓட்டிய புல்லட்டையோ பல்சரையோ கொடுத்துவிட்டு, பெரிய ஸ்போர்ட் டூரர் எடுத்தவர்கள் இவர்கள். புது வண்டியைப் பற்றிக் குறை சொல்லவும் மாட்டார்கள். "வண்டி நல்லாத்தானுங்க இருக்குது, ஆனா சாவியை எடுக்கவே மனசு வர்றதில்லைங்க" என்பார்கள். விற்பதற்கு முன்பே வந்திருந்தால் இவர்களில் பாதிப் பேருக்காவது இந்த வருத்தம் வந்திருக்காது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஸ்போர்ட் டூரர் மோசமான வண்டி என்று நான் சொல்ல வரவில்லை. நூறு, நூற்றிருபதில் மணிக்கணக்காக அலுப்பில்லாமல் போவதற்கென்றே செய்த வண்டி அது. காற்றைத் தடுக்க ஃபேரிங், பெரிய டேங்க், முன்பக்கம் லேசாகச் சாய்ந்து உட்காரும் இருக்கை. அந்த வேலையை அது அருமையாகச் செய்யும். வாங்குகிறவருக்கு அந்த வேலை எத்தனை நாள் இருக்கிறது என்பதைத்தான் யாரும் கணக்குப் போடுவதில்லை.

விவரத்தாளைப் பார்த்து முடிவெடுப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350-ன் எடை 195 கிலோ. ஸ்போர்ட் டூரராகப் பலர் எடுக்கும் கவாசாகி நிஞ்ஜா 650-ன் எடை 196 கிலோ. இருக்கை உயரம் கிளாசிக்கில் 805 மி.மீ., நிஞ்ஜாவில் 790 மி.மீ. எடை ஒன்றுதான், உயரமும் குறைவு, சக்தி மட்டும் மூன்று மடங்குக்கு மேல். அப்படியானால் எல்லா விதத்திலும் லாபம்தானே என்று தோன்றும். ஓட்டிப் பார்த்தால் கதை வேறு.

பழைய கிளாசிக் 350 இன்ஜினில் பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம், அதாவது ஸ்ட்ரோக், 90 மி.மீ. நிஞ்ஜா 650-ல் அது 60 மி.மீ. தான். நீளமான ஸ்ட்ரோக்கும், இன்ஜின் சுற்றைச் சீராக வைக்கும் கனமான ஃப்ளைவீல் சக்கரமும் சேர்ந்தால் இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போதே இழுவை கிடைத்துவிடும். கிளாசிக்கின் முழு இழுவிசை, அதாவது டார்க், 4,000 ஆர்.பி.எம்.மிலேயே (நிமிடத்துக்கு 4,000 சுற்று) வந்துவிடும். நிஞ்ஜாவில் அது 6,700-ல் வரும். சாயங்காலம் காந்திபுரத்தில் பஸ்ஸுக்குப் பின்னால் ஊர்ந்து போகும்போது உங்கள் இன்ஜின் 6,700-க்குப் பக்கத்தில்கூடப் போகாது. முதல் கியரிலேயே கிளட்ச்சைப் பாதி பிடித்துக்கொண்டு நகர்த்த வேண்டியிருக்கும். ரேடியேட்டர் ஃபேன் ஓட ஆரம்பித்தால் சூடான காற்று முழங்காலிலும் தொடையிலும் அடிக்கும். பழைய வண்டியில் இரண்டாவது கியரில் போட்டுவிட்டு ஆக்ஸிலேட்டரைத் தொடாமலே உருட்டியவருக்கு, அரை மணி நேரத்தில் இடது கை விரல்கள் வலிக்கும்.

மணிக்கட்டு வலியும் இப்படித்தான் வருகிறது. முன்னால் சாய்ந்து உட்காரும்போது உடம்பின் மேல்பாதியை எதிர்காற்று கொஞ்சம் தாங்கிக்கொள்ளும். அதற்கு வேகம் வேண்டும். முப்பதிலும் நாற்பதிலும் காற்று உதவிக்கு வராது, பாரம் முழுக்க மணிக்கட்டில் இறங்கும். நம் சாலைகளில் அந்த வேகம் எங்கே கிடைக்கிறது? மத்திய அரசின் 2018 அறிவிக்கைப்படி எக்ஸ்பிரஸ்வேயிலும் நான்குவழிச் சாலையிலும்கூட மோட்டார் சைக்கிளுக்கு உச்சவரம்பு மணிக்கு 80 கி.மீ. பெங்களூரு–மைசூரு நெடுஞ்சாலையின் பிரதான பாதையில் 2023 ஆகஸ்ட் முதல் இரு சக்கர வண்டிக்கே அனுமதி இல்லை. எங்கள் ஊர்க்காரர்கள் வார இறுதியில் போவது வால்பாறைக்கும் ஊட்டிக்கும். ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறினால் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஹேண்டில் குறைவாகத் திரும்பும் வண்டியில், எதிரே பஸ் வரும்போது அந்த வளைவை எடுப்பது பழகாதவருக்குப் பெரும் சோதனை.

இன்னொரு விஷயத்தை ஷோரூமில் யாரும் கேட்பதே இல்லை. பின்னால் யார் உட்காரப் போகிறார்கள்? பொள்ளாச்சிப் பக்கத்து ஆசிரியர் ஒருவர் 650 சிசி வண்டி எடுத்த புதிதில் மனைவியோடு வந்திருந்தார். அந்த அம்மா எப்போதும் சேலைதான் கட்டுவார். பழைய புல்லட்டில் ஒருபக்கமாக உட்கார்ந்து, சாரி கார்டுக்கு மேலே இருந்த கால் பலகையில் காலை வைத்து, பிடி கம்பியைப் பிடித்துக்கொள்வார். புது வண்டியில் பின் சீட் முன் சீட்டைவிட ஒரு சாண் உயரம், அகலமும் குறைவு, பிடிக்கவும் இடமில்லை. "நான் பஸ்ஸுலயே வந்துக்கறனுங்க, நீங்க போங்க" என்று அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆசிரியரின் முகம் சுண்டிவிட்டது. இருவரும் சேர்ந்து ஊர் சுற்றத்தான் அந்த வண்டியையே எடுத்திருந்தார்.

சரி, அத்தனை பிடித்த வண்டியை ஏன் விற்கிறார்கள்? என் அனுபவத்தில் முக்கியமான காரணம் ஒன்றுதான். விற்கும் நேரத்தில் அந்த வண்டி அந்த வண்டியாகவே இருப்பதில்லை. தேய்மானம் மெல்ல மெல்ல வருவதால் ஓட்டுபவருக்குத் தெரிவதில்லை. ஹேண்டிலைத் திருப்ப உதவும் பேரிங்கான கோன் செட்டில் பள்ளம் விழுந்திருக்கும், நேராகப் போகும்போது ஹேண்டில் நடுவில் சிக்கிச் சிக்கித் திரும்பும். பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்கார்மின் புஷ் தேய்ந்து சக்கரம் ஆடும். முன்சக்கர ஷாக்கான ஃபோர்க்கின் ஆயில் வருடக்கணக்கில் மாற்றாமல் கறுத்துத் தண்ணீராகியிருக்கும். பின் ஷாக் அப்சார்பர் செத்துப் போயிருக்கும், கிளட்ச் பிளேட் வழுக்கும், கார்புரேட்டரில் கசடு. ஒவ்வொன்றும் சின்னதுதான். எல்லாம் சேர்ந்ததும் "வண்டிக்கு வயசாயிடுச்சு, இழுக்க மாட்டேங்குது" என்று தோன்றிவிடும். அந்த மனநிலையோடு ஷோரூமுக்குப் போய்ப் புது வண்டியில் ஒரு ரவுண்டு ஓட்டினால் சொர்க்கமாகத்தான் தெரியும். பத்து வருடம் கவனிக்காத வண்டியைப் புத்தம் புது வண்டியோடு ஒப்பிட்டு எடுக்கும் முடிவு எப்படிச் சரியாக இருக்கும்?

அதனால் விற்க நினைப்பவர்களிடம் நான் சொல்வது இதுதான். நான் மேலே சொன்னவற்றை எல்லாம் முதலில் மாற்றுங்கள், நல்ல டயர் போடுங்கள். 350 சிசி புல்லட்டுக்கு இன்ஜினைப் பிரிக்காமல் பெரும்பாலும் இருபதாயிரம் ரூபாய்க்குள் முடியும் வேலை. அப்புறம் ஒரு மாதம் ஓட்டுங்கள். அதன் பிறகும் புது வண்டி வேண்டும் என்று தோன்றினால் தாராளமாக வாங்குங்கள், அப்போது எடுக்கும் முடிவு நிலைக்கும். இப்படிச் செய்தவர்களில் நிறையப் பேர் விற்கும் பேச்சையே விட்டுவிட்டார்கள்.

பதினைந்து வருடம் ஆகிவிட்டதே என்று பயந்து விற்பவர்களும் இருக்கிறார்கள். டெல்லிப் பக்கத்துக் கட்டுப்பாடுகளைச் செய்தியில் பார்த்துவிட்டு இங்கேயும் அப்படித்தான் என்று நினைத்துக்கொள்கிறார்கள். தமிழ்நாட்டில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் படிவம் 25 கொடுத்து, வண்டியைக் காட்டிச் சோதனையில் தேறினால், பதிவை ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்துத் தருவார்கள்.

செலவுக் கணக்கையும் ஒரு தடவை போட்டுப் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரை ஜி.எஸ்.டி. 18 சதவீதம், அதற்கு மேல் 40 சதவீதம். மூன்றாம் நபர் காப்பீடு 2022 கட்டணப்படி 150 சிசிக்கு மேல் 350 சிசி வரை வருடம் 1,366 ரூபாய், 350-ஐத் தாண்டினால் 2,804 ரூபாய். பெரிய வண்டியின் ரேடியல் டயர் இரண்டும் மாற்றினால் இருபதாயிரத்தைத் தாண்டலாம்.

வாங்கியே தீர வேண்டும் என்றால், ஷோரூம் டெஸ்ட் ரைடை மட்டும் நம்பாதீர்கள். அதே மாடலை வாடகைக்கு எடுத்து இரண்டு நாள் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் ஆபீசுக்குப் போய் வாருங்கள். மறுநாள் பின்னால் உட்காரப் போகிறவரை ஏற்றிக்கொண்டு நூறு கிலோமீட்டர் போங்கள். வீட்டு வாசலில், சந்தில், சரிவில் பின்னால் தள்ளித் திருப்பிப் பாருங்கள். முடிந்தால் பழைய வண்டியை உடனே கொடுக்காமல் ஆறு மாதம் வைத்திருங்கள். எக்ஸ்சேஞ்ச் போனஸ் என்று அவசரப்படுத்துவார்கள். பலரைக் கடைசியில் வருந்த வைப்பது அந்தச் சில ஆயிரம்தான்.

ஏற்கெனவே மாற்றிவிட்டு வருந்துபவர்களுக்கும் கொஞ்சம் செய்யலாம். ஹேண்டிலை உயர்த்தும் ரைசர் போட்டால் மணிக்கட்டுப் பாரம் குறையும். செயின் ஓடும் பல்சக்கரத்தில், அதாவது முன் ஸ்பிராக்கெட்டில், ஒரு பல் குறைத்தால் ஊருக்குள் ஊர்வது சுலபமாகும், ஆனால் சில வண்டிகளில் ஸ்பீடோமீட்டர் கணக்கு மாறும், கேட்டுவிட்டுச் செய்யுங்கள். லீவரைக் கைக்கு எட்டும்படி வைப்பதும், சஸ்பென்ஷனை உங்கள் எடைக்குத் தக்கபடி அமைப்பதும் காசில்லாத வேலைகள். அதைக்கூடச் செய்யாமல் ஓட்டுபவர்களே அதிகம்.

விற்பது என்று முடிவாகிவிட்டால், பெயர் மாற்றத்தை வாங்குபவர் பொறுப்பில் விட்டுவிடாதீர்கள். வண்டியை விற்றதை ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்கும் படிவம் 29-ஐ 14 நாளுக்குள் நீங்களே பதிவு செய்ய வேண்டும். ஆர்.சி.யில் பெயர் இருப்பவரே உரிமையாளர், விபத்து நடந்தால் நஷ்டஈட்டுப் பொறுப்பும் அவருடையதே என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. காப்பீட்டில் கிளெய்ம் கேட்காததற்குக் கிடைக்கும் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸ் சான்றிதழையும் காப்பீட்டு நிறுவனத்திடம் வாங்கிக்கொள்ளுங்கள், மூன்று வருடத்துக்குள் புது வண்டிக்கு மாற்றிக்கொள்ளலாம். சேஸிஸ் எண்ணையும் வாங்கியவரின் ஃபோன் நம்பரையும் குறித்து வைத்து, "எப்ப விக்கறதா இருந்தாலும் எனக்கு முதல்ல சொல்லுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். அப்படிச் சொல்லி வைத்தவர்கள் சிலர் தங்கள் வண்டியைத் திரும்ப வாங்கி, முதல் வேலையாகக் கோன் செட் மாற்ற என்னிடம் கொண்டுவந்திருக்கிறார்கள்.